சுதி சேராத நாலாவது குழாய்

எலும்பு முறிந்தவர்கள் தங்கித் தேறும் அந்த விடுதியில் அவளுக்குக் கடுகு என்றே பெயர். ஆள் குள்ளம்; காரத்துக்குக் குறைவில்லை. விரிப்பு மாற்றுவது, குளிப்பாட்டுவது, பிடித்து நடக்கவைப்பது எல்லாம் அவள் வேலை. எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே செய்வாள். ஒருநாள் திட்டு விழாவிட்டால், "எம்மேல கோபமா கடுகு?" என்று நோயாளிகளே கேட்பார்கள்.

அவளுக்கே தண்ணி காட்டியவர் பாட்டு டீச்சர். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து வந்தவர், நடக்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கெஞ்சியும் ஆயிற்று, மிரட்டியும் ஆயிற்று. இந்த மாதத்துக்குள் நடக்காவிட்டால், படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வைத்திருக்கும் மாடிக்கு மாற்றிவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். மாடிக்குப் போனவர் யாரும் எழுந்து வந்ததைக் கடுகு பார்த்ததில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்கு இசைக்கருவிகள் வந்தன. நோயாளிகள் வெளியே வந்து கைகாலை அசைக்கட்டும் என்று ஒரு பெரிய மேளம், சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் எட்டு இரும்புக் குழாய்கள், தட்டுவதற்கு ரப்பர் தலை வைத்த கோல்கள். குழாய்களை அறுத்து மாட்டியவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கடுகின் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை யாரோ குழாய்களை வரிசையாகத் தட்ட, டீச்சர் படுக்கையிலிருந்தே கத்தினார்.

"அந்த நாலாவதை எவன் மாட்டினான்? பல்லு கூசுது!"

"எங்க வீட்டுக்காரர்தான். குறை சொல்றவங்க வந்து காட்டிட்டுச் சொல்லுங்க!" என்றாள் கடுகு, சுள்ளென்று.

டீச்சர் எழுந்துவிட்டார்! வாக்கரைப் பிடித்து, அடிக்கொரு வசையாகத் தோட்டம்வரை வந்து, நாலாவது குழாயில் ஓங்கி ஒன்று வைத்தார். "கேளு! சுதி சேருதா இது?"

கடுகுக்கு எட்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. அன்றுமுதல் தினமும் அதே சண்டை, அதே நடை.

"வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒரு தப்பு பண்ணியிருக்கீங்க. அதுல கை வச்சீங்க, தொலைஞ்சீங்க," என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தாள். கேட்கிற ஆளா அவர்? தொழில் ரோஷம் விடவில்லை. அவள் விடுப்பில் இருந்த ஞாயிற்றுக்கிழமை போய், குழாயைக் கழற்றி, நுனியை அரத்தால் ராவிச் சுதி சேர்த்து மாட்டிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்.

"அடப்பாவி மனுஷா! தலையில கல்லைப் போட்டுட்டீங்களே!"

திங்கட்கிழமை டீச்சர் வந்தார். நாலாவதைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார். கடுகு குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி எதைச் சொல்லி இவரை எழுப்புவது?

டீச்சர் நகர்ந்துபோய் ஆறாவதைத் தட்டினார். "இப்ப இது போச்சு. ஒரே அபஸ்வரம். கூப்பிடு உன் வீட்டுக்காரரை!"

வீட்டுக்காரர் விழுந்தடித்து வந்தார். சுதி காட்டும் செயலியைப் போனில் திறந்துவைத்து ஆறாவதைப் பலமுறை தட்டிப் பார்த்தார். பிறகு கடுகை ஓரமாக இழுத்தார்.

"ஏம்மா, இது அச்சுப் பிசகாம இருக்கு. டீச்சருக்கு இதுகூடவா தெரியாது?"

தெரியாமல் என்ன? கடுகுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொல்லுக்குப் பணிந்து எழுந்து நடந்ததாக ஆகிவிட டீச்சரின் கௌரவம் விடாது. கூடவே வந்து வாய்க்கு வாய் சண்டைபோட கடுகும் வேண்டும். ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷி நடக்கப் பார்க்கிறார். கடுகுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர், அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "என்ன சொல்றார்?"

"தப்புதானாம் டீச்சர். ஆனா சரி பண்ண ரொம்ப நாளாகுமாம்."

"ஆகட்டும், ஆகட்டும்," என்றார் டீச்சர். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்து எழுப்பு."