ஓடுற தறியில போட்ட கையெழுத்து

இத எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஒம்பதாப்புலயே ரெண்டு வருசம் ஒக்காந்தவன் எழுதுனா எவன் வாசிப்பான்? ஆனா ஷெட்டுக்குப் புதுசா வந்த பய ஒருத்தன், "அண்ணே, சங்க நோட்டுல எனக்கும் சேத்து நீங்களே போட்ருங்க"ன்னான். அதான் எழுதுதேன்.

1. காதுக்குப் பஞ்சு

ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனி எங்களுது. நான் தறியில. பேச்சி மடிப்புல, ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து பஸ்ல வருவா. சங்கச் செயலாளர் ராசு அண்ணாச்சி. குடிதண்ணி, பொம்பளையாளுகளுக்கு கக்கூஸ், எல்லாம் அவிய வாங்கிக் குடுத்தது. பஞ்சு கம்பெனியில காதுக்குப் பஞ்சு வாங்கவே ஒரு சங்கம் வேண்டியிருந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

எங்களுக்குக் கூலி நெஞ்ச மீட்டர் கணக்குலதான். மொத வருசம் அண்ணாச்சி தறிய நிப்பாட்டிக் கூட்டம் போட்டாக. மறு வருசம், "தறி நின்னா உங்களுக்குத்தான மீட்டர் கொறையும். தீர்மானத்த எழுதி நோட்டு அனுப்புதேன், கையெழுத்து போடுங்க"ன்னாக. எங்களுக்கும் சொகமாப் போச்சு.

2. நான் பண்ணுன வேல

தறி ஓடிக்கிட்டே இருக்கும், நோட்டு வரும். ஒரு கண்ணு பாவு நூலுல, ஒரு கையி நோட்டுல. மேல என்ன எழுதிருக்குன்னு எவன் பாத்தான்? எனக்கு அடுத்தவன் கையெழுத்து அச்சா வரும். லீவு போட்டவன், லேட்டா வாரவன் எல்லாருக்கும் நானே போட்ருவேன். அதுல ஒரு பெருமை வேற.

போன வருசம் பேச்சி கேட்டா, "அண்ணாச்சி, தேர்தல் எப்ப?"

மூணாம் நாளு அண்ணாச்சி அவள சங்கத்த விட்டு நீக்கிட்டாக. வேல கொறஞ்சா சங்கத்துல இல்லாதவளத்தான் மொதல்ல வீட்டுக்கு அனுப்புவாக. அவ சம்பளத்துலதான் அவ வீட்டுல அடுப்பெரியுது.

ஏன்னு கேக்கப் போனவகிட்ட நோட்ட விரிச்சுக் காட்டிருக்காக. இனி தேர்தல் வேண்டாம், எதுத்துப் பேசுனா செயலாளரே நீக்கலாம்னு தீர்மானம் எழுதிருக்கு. அதுக்குக் கீழ எல்லார் கையெழுத்தும்.

"நீயும் போட்ருக்கியே தாயி."

பேச்சி என் தறிக்கு முன்னால வந்து நின்னா. "ஏலே, அன்னைக்கு எனக்கு பஸ் லேட்டு. எனக்குப் போட்டது யாரு?"

நான் அறுந்த நூல முடியுத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

3. பத்து நிமிசம்

மறுநாளு அண்ணாச்சி நோட்டோட ஷெட்டுக்கு வரவும் என் தறிய ஆஃப் பண்ணேன். பக்கத்துத் தறியும் நின்னுச்சு. பொறவு ஒவ்வொண்ணா.

"தேர்தல் வேண்டாம்ங்கிற பக்கத்துல ஆறு கையெழுத்து நான் போட்டது. பேச்சியோடதும்"னேன்.

பக்கத்துத் தறி மாரியப்பன் சொன்னான், "நாலு என்னோடது." இன்னொருத்தரு, "எனக்கு எம்மச்சான் போட்டான், நான் அவனுக்குப் போட்டேன்." ஷெட்டே சிரிச்சுருச்சு.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கல. "எல்லாத்துக்கும் கூட்டம் போட்டா நல்லது எப்பலே நடக்கும்?"

"மெதுவா நடக்கட்டும் அண்ணாச்சி"ன்னா பேச்சி. "வாசிச்சுட்டு நடக்கட்டும்."

அந்தப் பக்கத்த எல்லாரும் சேந்து ரத்து பண்ணோம். பேச்சி திரும்பச் சங்கத்துக்கு வந்தா. தேர்தலும் நடந்துச்சு. ஜெயிச்சது யாருன்னு நெனைக்கிய? அண்ணாச்சியேதான். ஆனா நோட்டு இப்ப பேச்சி கையில. மாசம் பத்து நிமிசம் தறி நிக்கும், அவ சத்தமா வாசிப்பா, பொறவுதான் பேனா. மீட்டர் கொஞ்சம் கொறையத்தான் செய்யிது. அண்ணாச்சியே இப்பல்லாம், "ரெண்டாவது வரிய இன்னொருக்கா வாசி தாயி"ங்காக.

நாடு எப்படிக் கெடுதுன்னு டிவியில பெரிய பெரிய ஆளுக பேசுதாக. எனக்குத் தெரிஞ்சது எங்க ஷெட்டுதான். இங்க எங்க உரிமைய யாரும் எங்ககிட்டருந்து புடுங்கல. நல்ல மனுசன்தானன்னு நாங்களே தூக்கிக் குடுத்தோம். குடுத்தத திருப்பிக் கேக்கவும் முடிஞ்சுது. அதுனால தம்பிகளா, உங்க கையெழுத்த நீங்களே போடுங்க.

இத எழுதி முடிச்சு, "எல்லாம் நெசம்னு கீழ ஒரு கையெழுத்து போடுட்டி"ன்னு பேச்சிகிட்ட நீட்டுனேன்.

"மொதல்ல தறிய நிப்பாட்டுலே, வாசிச்சுட்டுப் போடுதேன்."