கப்பலில் வந்த கேஸ்கட்

போன வாரம் இங்கே போர்ட்பிளேரில், குட்வில் எஸ்டேட் ஏற்றத்தில் ஒரு டாக்சி நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டர் கொதித்த வாசம் குப்பென்று அடித்தது. துருவும் எண்ணெயும் வெந்த அந்த வாசம் உங்களை ஒன்றும் செய்யாது. எனக்கு வேலாயுதம் ஞாபகம் வந்துவிடும்.

அறுபதுகளில் அந்தமானில், போர்ட்பிளேருக்கு வெளியே மரம் வெட்டும் ஒரு கேம்பில் நான் குமாஸ்தா. ஸ்பேனர் கேட்டால் சுத்தியலை நீட்டுகிற ஜென்மம். வேலாயுதம் மெக்கானிக், ராமநாதபுரத்துக்காரர். முதலாளியிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று இருந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று ஓடாத நாளிலும் அதன் என்ஜினைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறும விடுவார். "ஒரு நாள் விட்டா இவ கோவிச்சுக்குவா தம்பி." ரேடியேட்டருக்கு மழைத்தண்ணீர்தான். அலை ஏறினால் ஓடைத் தண்ணீர் உப்பாகிவிடும். தெரியாமல் அதை மொண்டுவந்த புது ஆள் ஒருவனை அடிக்கவே போய்விட்டார்.

ஒருமுறை என்ஜின் தலைக்கடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் தகடு வெந்துபோயிற்று. புதியது மெட்ராஸிலிருந்து வரவேண்டும். கார் ஷெட்டில் படுத்தது. ஒருவழியாகக் கப்பல் வந்து, கேஸ்கட் போர்ட்பிளேர் சாத்தாம் ஜெட்டி குடோனில் இறங்கியது. அதே கப்பல் திரும்பப் புறப்படுகிற அன்று காலையில்தான் வயர்லெஸ்ஸில் செய்தி: ஊரில் வேலாயுதத்தின் மகளுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, உடனே வரவும். அவர் இங்கே வந்த பிறகு பிறந்த குழந்தை. இன்னும் முகம் பார்க்கவில்லை.

மத்தியானம் கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போதோ. கேம்ப் லாரி விடிந்ததுமே மரம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஜெட்டிக்குப் போகக் கார் வேண்டும், கார் ஓட அங்கே கிடக்கும் கேஸ்கட் வேண்டும். என்ன கொடுமை பாருங்கள்!

"சிகரெட் பெட்டியெல்லாம் கொண்டாங்கய்யா!" என்று வேலாயுதம் கத்தினார். ஊதித்தள்ளுகிறேன் என்று எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். அன்று என் குப்பைதான் உதவியது. பழைய கேஸ்கட்டில் வெந்த இடத்தில் வெள்ளித்தாளை மடித்து மடித்து வைத்து, பெயிண்டைப் பூசி, தலையை இறக்கி முடுக்கினார்.

ஓடியது. பாதி வழி வரைக்கும் ஓடியது. பிறகு ஆவி கிளம்பியது. ஆறவிட்டு ஊற்றி, மறுபடி ஆறவிட்டு ஊற்றி, கொண்டுவந்த மழைத்தண்ணீர் தீர்ந்தது. பக்கத்தில் ஓடை, அலையேறித் ததும்பிக்கொண்டிருந்தது. வேலாயுதம் டப்பாவோடு இறங்கினார்.

"உப்புண்ணே" என்றேன்.

"தெரியும்டா!" தன் கையாலேயே ஊற்றினார்.

சாத்தாம் பாலத்தில் ஒரு பெங்காலிக் கூலி எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "ஜஹாஸ் தோ சலா கயா, பாயி." கப்பல் போய்விட்டதாம். தூரத்தில் கப்பல் சின்னதாகத் தெரிந்தது. "ஏய், நில்லுங்கடா! டேய்!" என்று வேலாயுதம் ஜெட்டி முனைவரை ஓடினார். யாருக்குக் கேட்கும்?

குடோனில் கேஸ்கட்டை நான்தான் வாங்கினேன். கேம்ப் லாரி எங்களையும் காரையும் இழுத்துவந்தது. மறுநாள் என்ஜினைப் பிரித்து, உப்பைக் கழுவி, புதியதை மாட்ட உட்கார்ந்தார். "இப்ப எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றேன். "கை சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிரும் தம்பி." என்ஜின் ஒரு திணறல் இல்லாமல் ஓடியது. அதை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த கப்பலில் போனவர் ஊர் சேர்ந்தபோது குழிமேல் புல் முளைத்திருந்தது. திரும்பி வந்து சாதாரணமாகத்தான் சொன்னார்: "புள்ள யாரு ஜாடைன்னு பொண்டாட்டிகிட்ட கேட்டேன் தம்பி. உங்க மூக்குன்னா."

இன்று கேம்ப் இல்லை, கார் இல்லை, வேலாயுதமும் இல்லை. காலையில் செய்தி வந்தால் மத்தியானம் விமானத்தில் சென்னையில் இறங்கிவிடலாம். சாப்பிடுகிற இட்லியைக்கூடப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு போட்டோ கிடையாது.