வெண்டல்காவ் என்றொரு குடும்பப் பெயர்

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது என் பெயர் வந்ததும் டீச்சரம்மா ஒரு நொடி தயங்குவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு "வெண்டல்காவ்" என்பார். அவர் வாயை மூடுவதற்குள் பின்பெஞ்சிலிருந்து யாராவது "வெண்டைக்கா" என்று திருத்திவிடுவார்கள்.

சாந்தோமில் எங்கள் தெருவில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்குப் போர்த்துகீசியப் பெயர்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது அதில் ஒன்றைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். எங்கள் பெயரைக் கூப்பிட்டால் திரும்புவது அப்பா, அம்மா, நான் மட்டும்தான். மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் இன்னொரு வெண்டல்காவ் கிடையாது. ஏதோ ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவன் எங்கள் முப்பாட்டன் என்று அப்பா சொல்லிக்கொள்வார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தெருவில் இருந்த போர்த்துகீசியப் பெயர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அப்பா பள்ளி ஆசிரியர். கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். அதனால் எங்கள் சின்னக் கோயிலின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகளை எழுதிப் பாதுகாக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. பங்குச் சாமியாருக்கு வயதாகிக் கண் மங்கியிருந்தது. நகல் எழுதுவது, கையெழுத்துப் போடுவது, முத்திரை வைப்பது எல்லாமே அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைப்புட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவது என் வேலை. அந்த மைப்புட்டியால் எனக்குத் தெருவில் ஒரு மதிப்பு இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது, முப்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜெர்மன்காரர் வந்தார். நெட்டையான ஆள், முட்டி தெரியாத வெள்ளைக் கால்சட்டை, வியர்வையில் நனைந்த காலர். கடற்கரைப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் வியாபாரக் கம்பெனியில் வேலை என்றார். வாசலில் நின்றபடியே ஒரு சீட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அதில் அச்சடித்திருந்தது எங்கள் பெயர்.

அப்பா அந்தச் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருவரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். அவர் போன பிறகு சாப்பாட்டு நேரத்தில் அப்பா எங்களுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். சோறு ஆறிப்போனது அவருக்குத் தெரியவில்லை.

வெண்டல்காவ் என்பது ஜெர்மனியில், ஓர் ஆற்றங்கரையில் இருந்த சின்னக் கிராமமாம். எப்போதோ ஒரு சண்டையில் பட்டாளம் அதைக் கொளுத்திவிட்டது. தப்பித்தவர்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். போன இடத்தில் 'எந்த ஊர்' என்று கேட்டவர்களிடம் வெண்டல்காவ் என்றார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கிராமம் மறுபடி எழும்பவே இல்லை. ஆகவே அந்தப் பெயர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அந்த ஒரே கிராமத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஜெர்மன்காரர் தன் தேசம் முழுக்கத் தபால் போட்டு விசாரித்திருக்கிறார். கைவிரல்களுக்குள் அடங்கும் அளவுக்குத்தான் குடும்பங்கள் கிடைத்தன. இங்கே வேலைக்கு வந்த இடத்தில் ஊர் விலாசப் புத்தகத்தைப் புரட்டியவருக்கு அப்பாவின் பெயர் கண்ணில் பட்டிருக்கிறது.

"அவரோட தாத்தா சின்ன வயசுல இங்கதான் இருந்தாராம். எங்க பொறந்தார்னு காகிதம் வேணுமாம். அடுத்த வாரம் பதிவேட்டப் பாக்க வராரு. நமக்குச் சொந்தம்!" என்றார் அப்பா.

அம்மாவின் அண்ணன் அன்று எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை செய்தவர். முதல் யுத்தத்தில் ஜெர்மானியரின் எம்டன் கப்பல் குண்டு போட்ட ராத்திரியில் எண்ணெய்த் தொட்டி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஜெர்மனி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவருக்கு மயிர்க்கூச்செறியும்.

"சொந்தமா? நல்லா கீது மாப்ளே. எம்டன் வந்தப்போ உன் சொந்தக்காரன் எங்க இருந்தான்? ஒருத்தன் கடலோரமா வந்து, யாரு எங்க பொறந்தான்னு கேட்டுக்கினு போறான்னா சும்மாவா கேப்பான்?" என்றார்.

மாமா சொன்னது எனக்கு உடனே பிடித்துவிட்டது. சொந்தக்காரரைவிட ஒற்றன் எவ்வளவோ மேல்.

இரண்டாம் ஞாயிறு அவர் வந்தபோது நான் ஒன்றையும் விடாமல் கவனித்தேன். சந்தேகப்பட நிறைய இருந்தது. டிராம் எங்கள் பக்கம் வரை வரும்; அவர் முன்னதாகவே இறங்கி வெயிலில் நடந்து வந்தார். தான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். எல்லாவற்றையும்விட, என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார். நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தன் காதைப் பார்த்துக்கொண்டார்.

அன்று கோயிலில் அப்பா பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஜெர்மன்காரர் சொன்னதையும் சேர்த்து முழுக் கதையையும் கண்டுபிடித்தார். தொண்ணூறு, நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன் தச்சன் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறான். மயிலாப்பூரில் கோச்சு வண்டி செய்து பிழைத்திருக்கிறான். குப்பத்தில் மீன் விற்ற மரியாள் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு ஆண் பிள்ளைகள். சில வருஷம் கழித்து மூத்தவனை மட்டும் கூட்டிக்கொண்டு தன் ஊருக்குக் கப்பலேறிவிட்டான். கைக்குழந்தையோடு மரியாள் இங்கேயே இருந்துவிட்டாள்.

"மூத்தவன் வம்சம் அவரு. எளையவன் வம்சம் நாம" என்று வீட்டில் சாப்பிடும்போது அப்பா கையை விரித்துக் காட்டினார். போர்த்துகீசியக் கப்பல் தலைவன் போய் தச்சன் வந்ததில் அவருக்கு வருத்தமே இல்லை.

அம்மா மோரை ஊற்றியபடி, "பொண்டாட்டிய உட்டுட்டுப் போனவன்தானே அவன். மூத்தவன் வம்சம்னா நாளைக்கு இந்த வீட்ல பங்கு கேட்டு வருவான், பாத்துக்கினே இருங்க" என்றாள்.

"ஜெர்மனிலேர்ந்து இந்த ஓட்டு வீட்டுக்கா?"

"அப்போ வேற எதுக்கு வந்தான்?" என்றாள் அம்மா.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, நீ மூஞ்சிய பாக்காத. கைய மட்டும் பாரு. கள்ளன் கைதான் காட்டிக் குடுக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வாரம் முழுக்க எனக்குப் பாடத்தில் மனம் போகவில்லை.

மூன்றாம் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் காலியாகிவிட்டது. பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மேசைமேல் பதிவேடு திறந்திருந்தது. மூத்தவனின் ஞானஸ்நானத்தை எழுதியிருந்த பக்கம். அப்பா நகல் எழுத உட்கார்ந்தவர், முத்திரை சாமியார் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்து எழுந்து போனார். நான் கதவோரம் மெழுகுவத்தித் தண்டுகளைத் துடைப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

மேசையருகே நின்ற ஜெர்மன்காரரின் கையை மட்டும் பார்த்தேன். அது சட்டைப் பைக்குள் போய், சவரப் பிளேடு ஒன்றோடு வெளியே வந்தது. பக்கத்தைப் பதிவேட்டின் முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இழுத்தது. பழைய காகிதம் மெல்லிய சத்தத்தோடு பிரிந்தது.

"அப்பா! கிழிக்கிறான்! அப்பா!" என்று கத்தினேன்.

ஓடுவார் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. பாதி அறுந்த பக்கத்தை விட்டுவிட்டு, பிளேடை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா மூச்சிரைக்க வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிளேடைப் பார்த்தார். காப்பிநோட்டில் ஒரு சொட்டு மை சிந்தினாலே பிரம்பை எடுக்கும் அப்பா இப்போது இந்த மனிதனை என்ன செய்யப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அப்பா ஒரே ஒரு சொல் கேட்டார். ஏன் என்று இங்கிலீஷில்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் பேசினார். என் வகுப்பு இங்கிலீஷுக்கு அங்கங்கே சில சொற்கள்தான் அகப்பட்டன. தாத்தா. மனைவி. பிள்ளைகள். வேலை. கடைசியில் கோட்டிலிருந்து ஒரு அச்சடித்த படிவத்தை எடுத்து விரித்தார். கட்டம் கட்டமாக இருந்தது. எல்லாக் கட்டங்களிலும் எழுத்து இருந்தது, ஒன்றைத் தவிர. அப்பா அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்து, அதற்கு மேலே இருந்ததை உதடசையப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீ வெளிய போம்மா."

"அப்பா, அவன்தான் பிளேடு வெச்சு..."

"போன்னு சொன்னேன்ல."

வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஜெர்மன்காரர் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அப்புறம் அப்பா ஒரு புதுத் தாளை எடுத்து எழுதினார். முத்திரை வைத்தார். எழுதியதைக் காயவிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் உள்ளே நழுவினேன். ஜெர்மன்காரர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடியிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

தாளில் இருந்த இங்கிலீஷ் எளிமையானதுதான். இந்தக் கோயிலின் பதிவேடுகள் முழுவதையும் தேடிப் பார்த்ததாகவும், வெண்டல்காவ் என்ற பெயரில் எவரும் அவற்றில் இல்லை என்றும் எழுதியிருந்தது. எவரும் இல்லை! அப்பாவின் ஞானஸ்நானம் அதே அலமாரியில் இருந்தது. என்னுடையதும் இருந்தது. கீழே அப்பா தன் ஞானப்பெயரை மட்டும் எழுதியிருந்தார். குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா கையெழுத்துப் போட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

ஜெர்மன்காரர் தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் அப்பாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அப்பாதான் மெல்ல விடுவித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை. அந்த வருஷமே ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

மத்தியானம் மாமா வந்தார். நான் அவரைத் தெருமுனையிலேயே மடக்கி, பிளேடு வைத்துப் பக்கத்தை அறுத்த கதையைச் சொல்லிவிட்டேன். தாளைப் பற்றி ஏனோ சொல்லவில்லை.

"நான் சொன்னேனா இல்லியா? வா மாப்ளே, போலீசுக்குப் போலாம்" என்று மாமா குதித்தார்.

அப்பா பசை கிண்டிக்கொண்டிருந்தார். அறுந்த பக்கத்தை ஒட்டுவதற்கு மெல்லிய காகிதத்தைப் பட்டையாகக் கத்தரித்து வைத்திருந்தார். "பழைய புஸ்தகம் மச்சான். திருப்பும்போது என் கையிலதான் கிழிஞ்சிச்சு. பாப்பாவுக்குச் சரியாத் தெரியல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து அப்பா எனக்குச் சந்தேகத்துக்குரிய ஆள் ஆகிவிட்டார். ஒற்றனிடம் எதையோ வாங்கிக்கொண்டு தன் பெயரையே இல்லையென்று எழுதிக்கொடுத்தவர். என்ன வாங்கினார் என்று பீரோவையும் புத்தக அடுக்கையும் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மைப்புட்டியை எடுக்க நான் போகவில்லை. அப்பா கூப்பிடவும் இல்லை. அதைத் தானே எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். அப்புறம் எப்போதும் அப்படித்தான்.

யுத்தம் வந்தது, முடிந்தது. அப்பா யுத்தத்தின் நடுவிலேயே காலமாகிவிட்டார். நானும் ஆசிரியையாகி, ஒருநாள் பள்ளியின் ஓய்வறையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெர்மனியில் அந்த வருஷங்களில் நடந்தது எனக்குத் தெரியவந்தது. வேலையில் நீடிக்க, கல்யாணம் செய்ய, பிள்ளையைப் படிக்கவைக்க, தன் தாத்தாவும் பாட்டியும் யாருக்குப் பிறந்தவர்கள் என்று கோயில் காகிதம் காட்டியாக வேண்டுமாம். தப்பான ரத்தம் ஒரு துளி தென்பட்டாலும் ஆள் ஒழிந்தானாம். கட்டம் கட்டமாக ஒரு படிவத்தின் படமும் போட்டிருந்தார்கள். பத்திரிகையை மூடிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

பதிவு இல்லை என்று கோயிலே எழுதிக்கொடுத்தால் அந்தக் கட்டம் காலியாகவே நின்றுவிடும்; ஒரு மனிதனின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் எழுதினார். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, நான் அவரைப் புரிந்துகொண்டிருப்பேனே என்று பல நாள் மனத்தாங்கலோடு இருந்தேன். சொல்வதென்றால் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தக் காலிக் கட்டத்தில் வரக்கூடாத பெயர் குப்பத்து மரியாளுடையது. அவளுடைய நிறம்தான் என் நிறம். அந்த மனிதர் அப்படிப் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தைத்தான். இதைப் பத்து வயது மகளிடம் எந்த வாயால் சொல்வது என்று அப்பா யோசித்திருப்பார். அவள் தன்னைக் கள்ளன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.