முதல் பாட்டு முடியும்வரை

குணா அண்ணன் இறந்துவிட்டார் என்று யூசுப் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். "நல்லா இல்லைலா, வேற சொல்லு" என்றேன். யூசுப் என் வகுப்புத் தோழன். அவன் அப்பா லிங்கி சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒருவனை ஒருவன் ஏமாற்றுவதில் எங்கள் இருவருக்கும் நெடுநாள் போட்டி. அவன் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பக்கம் கடையில் தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பொய் சொல்கிறவன் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான் என்று உறைத்தபோதுதான் போனை வைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னேன், விளக்குமாறு வந்தது. என்னைப் போன்றவன் வாயில் சாவுச் செய்தி மாட்டிக்கொண்டால் அதற்கும் இரண்டாவது சாவுதான்.

குணா அண்ணன் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். இரவு ஷிப்ட் முடிந்து, விடிந்த பிறகு, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டை மாட்டியவர் அப்படியே மோட்டார்மீது சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தாராம். இதயம் நின்றுபோயிருந்தது. நாற்பதைக்கூடத் தொடவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறவராகத் தெரியும். எனக்கும் யூசுப்புக்கும் அவர் எதிர்க்கட்சித் தலைவர். எங்கள் சட்டசபை, பழைய பால் ஸ்டோர். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் மரத்துப் பாலை எடை போட்ட இடம். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. நடுவில் துத்தநாகக் கூரையும் காலித் தொட்டிகளும் மட்டும் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளேயிருந்து யாரோ அலறுவதாகக் கேட்டு, பேயைப் படம் பிடிக்கலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு நானும் யூசுப்பும் போனோம். பேய் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு பழைய கேசட் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அலறியவன் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரப் பாடகன். நான் வாயைத் திறந்தேன். குணா அண்ணன் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்தார். பாட்டு முடிந்தது. 'டக்'கென்று பொத்தானைத் தட்டி நிறுத்தினார்.

"முதல் பாட்டு முடியுற வரைக்கும் எவனும் பேசக்கூடாது. அதுக்கப்புறம் எவனும் சும்மா இருக்கக்கூடாது. இது ஒரு ராக் குழுவோட முதல் ஆல்பம். இதைவிட நல்ல முதல் ஆல்பம் உலகத்துல இருக்கா?"

தப்பித்து ஓடுவதற்காக, "இல்லைண்ணே, இதுதான் டாப்" என்றேன்.

"அப்படியா? அப்ப நான் இருக்குன்னு சொல்றேன். உட்காருங்க."

அன்று உட்கார்ந்தவர்கள்தான். அதன்பிறகு ஞாயிறு தவறியதில்லை. அந்தக் காலத்து ராக் குழுக்களின் முதல் ஆல்பங்களில் எது தலைசிறந்தது என்ற ஒரே கேள்வி. இரண்டாவது ஆல்பத்தை அவர் பெட்டிக்குள்ளேயே விடமாட்டார். ஏன் என்று யூசுப் கேட்டபோது இப்படிச் சொன்னார்: "முதல் ஆல்பம் போடுறவனுக்கு எதிர்ல யாராச்சும் இருக்காங்களான்னே தெரியாது. இருட்டுல நின்னு கூப்பிடுற மாதிரி. ரெண்டாவதுல ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கிட்டு வருவான்."

குழுக்களின் பெயர்கள் எங்கள் நாக்கில் நிற்காததால் அட்டைப் படத்தையே பெயராக்கிக்கொண்டோம். 'நாலு மீசை' யூசுப்பின் கட்சி. 'பாதிக் குதிரை' என்னுடையது. அட்டையின் ஓரத்தில் குதிரையின் பின்பாதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அட்டையில் நனைந்த கோட்டோடு ஒருவன் நிற்கும் 'ஈரக் கோட்டு' யாருக்கும் சொந்தமில்லாத அனாதை. அதில் முதல் பாட்டு முடிகிற இடத்தில் பாடகனுக்கு மூச்சு வாங்கும், பின்னால் யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சென்று ஒரு சத்தம் போடும். அதை நீக்காமலே விட்டுவிட்டார்கள்.

குணா அண்ணனின் கட்சி எது? அதுதான் யாருக்கும் தெரியாது. அவருக்கு ஷிப்ட் வேலை. கருத்தையும் ஷிப்ட் போட்டுத்தான் மாற்றுவார். நான் பாதிக் குதிரையின் ஆரம்ப டிரம்ஸைப் புகழ்ந்தால், "அந்த டிரம்ஸை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, கல்யாண வீட்டு வீடியோ" என்பார். அடுத்த வாரம் யூசுப் அதே குதிரையை உதைத்தால், அந்த டிரம்ஸுக்காக உயிரை விடுவார். ஒருமுறை அவரை மடக்குவதற்காக அவர் பேச்சைத் திருட்டுத்தனமாகப் போனில் பதிவு செய்து, மறுவாரம் அவர் நேர்மாறாகப் பேசும்போது போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். "யாருடா இவன்? நல்லாத்தான் பேசுறான். ஆனா தப்பு" என்றார். பிறகு தன் குரலுக்கே வரிக்கு வரி மறுப்புச் சொன்னார்.

இன்னொரு முறை காலித் தொட்டிக்குள் போனை ஒளித்து வைத்து, அதிலிருந்து ஒரு கிழவர் இருமுகிற மாதிரி செய்தேன். யூசுப் செம்பனைக்குள் பாதி தூரம் ஓடிவிட்டான். குணா அண்ணன் அசையவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பி, "இருமுனா போதாது. உன் கட்சி எதுன்னு சொல்லு" என்றார். அந்தத் தொட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. போடுகிற பாட்டை உள்ளே வாங்கி, கொஞ்சம் தாமதித்து, தாழ்ந்த குரலில் திருப்பித் தரும். போனை நான் எடுத்து வந்த பிறகும் அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கயும் ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். நம்ம பேச்சுல அவனுக்குத்தான் இன்னும் இடம் கொடுக்கல" என்றார். விளையாட்டா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாரம் ஐந்து பாதியாண்டுத் தேர்வில் நான் மண்ணைக் கவ்விய வாரம் என் வாயிலிருந்து ஜோக் எதுவும் வரவில்லை. "நான் எதுக்கும் லாயக்கில்லைண்ணே" என்றேன். பெரியவர்கள் வழக்கமாகச் சொல்கிற ஆறுதலுக்காகக் காத்திருந்தேன். அவரோ டக்கென்று பெட்டியை நிறுத்தி, "தப்பு. நிரூபி" என்றார். ஆதாரம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், ஒவ்வொன்றையும் உடைத்தார். சாயங்காலம்வரை நான் உதவாக்கரை என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. அதிலேயும் தோல்வி. வீட்டுக்குக் கிளம்பும்போது யூசுப் கேட்டான்: "ஏண்ணே, ஒருதடவையாச்சும் நாங்க சொல்றத ஒத்துக்கிட்டா என்ன?"

மோட்டாரை உதைத்தபடியே சொன்னார்: "ஒருத்தன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறது, அவனத் தனியா விட்டுட்டுப் போற மாதிரிடா."

இனி, அவர் இறந்த எட்டாம் நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பக்கத்து வழக்கப்படி, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலை போட்டுப் படைத்து, விளக்கேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே காத்திருப்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பிடித்தது எதுவும் விடுபட்டுவிட்டால் கனவில் வந்து கேட்பார் என்பது பெரியசாமி மாமாவின் கட்டளை. மாமா முன்பு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், இப்போதும் சாவுகளுக்கு அவர்தான் மண்டோர்.

நண்டு சம்பால், ஆட்டுக்கறி, பால் சேர்க்காத காப்பி ஓ எல்லாம் தயாராகிவிட்டன. குணா அண்ணனின் மனைவி பவானி அண்ணி எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டையெல்லாம் 'காட்டுக் கத்தல்' என்று திட்டியவர்கள்தான். இப்போது கேசட்டுகள் நிறைந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்திருந்தார்கள்.

"இதுல அவருக்கு ரொம்பப் பிடிச்சது எதுடா? இலைக்குப் பக்கத்துல அதைப் போட்டு வைக்கணும்."

"நாலு மீசை" என்றான் யூசுப்.

"டேய், போன மாசம்தானே அதை மீசையில்லாம சிரைச்சாரு! பாதிக் குதிரைதான் அண்ணி."

"அதுக்கு முந்தின மாசம் உன் குதிரைக்குக் கொள்ளு வைக்கக்கூடாதுன்னு சொன்னாரு, மறந்துட்டியா?"

"உங்களுக்குப் பிடிச்சதை நான் கேக்கலடா." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "கனவுல வந்தா வரட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா பசியோட வரக்கூடாது."

இத்தனை ஞாயிறு பேசியும் அந்த மனிதருக்குப் பிடித்தது எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இலை இருக்கிறது, அதில் வைக்க வேண்டியது எது என்று தெரியவில்லை. கடைசியில் அண்ணியே டின்னைக் கிளறி, அட்டை மிகவும் தேய்ந்திருந்த ஒன்றை எடுத்தார்கள். அது அனாதை. ஈரக் கோட்டு.

இலைக்கு முன்னால் அவருடைய பிரம்பு நாற்காலி. பக்கத்தில் பெட்டி. பொத்தானை அழுத்திவிட்டு அண்ணிதான் கடைசியாக வெளியே வந்தார்கள். மாமா கதவைச் சாத்தினார். எல்லாரும் வாசலில் நின்றோம். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு அப்பால் கிதார் ஆரம்பித்தது. யாரும் சொல்லவில்லை, ஆனாலும் யாரும் பேசவில்லை. பச்சைக் குழந்தைகூட அழவில்லை. பாடகன் கத்திக் கத்தி, கடைசி வரிக்கு வந்து, மூச்சு வாங்கினான்.

டக்.

பாட்டு நின்றது. அடுத்த பாட்டு வரவில்லை.

அவர் பொத்தானைத் தட்டி நிறுத்துகிற அந்தச் சத்தம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மாமாவைத் தொடர்ந்து எல்லாரும் பார்த்தார்கள். தொட்டிக்குள் இருமியவன் நான்தானே. என் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். ஒன்று அண்ணியிடம் இருந்தது, இன்னொன்றில் சொம்பு. இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையேதான் காட்டுகிறேன்.

"பழைய பெட்டிலா. நாடா சிக்கியிருக்கும்" என்றார் மாமா. கதவைத் திறக்க அவர் கை போகவில்லை.

"பாட்டு முடிஞ்சா அடுத்து அவருதானே பேசணும்" என்று முணுமுணுத்தான் யூசுப்.

நாங்கள் காத்திருந்தோம். அவர் மறுத்துப் பேசுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவும் அந்தக் கதவு பேசாமல் நின்றது. என்னால் தாங்க முடியவில்லை. கதவைப் பார்த்து, "தப்புண்ணே" என்றேன். "ஈரக் கோட்டுதான் உசத்தி."

மாமா என்னை அதட்ட வந்தார். அண்ணி தடுத்தார்கள். "பேசுடா. விட்டுடாதே."

பேசினேன். மூச்சு வாங்குகிற பாடகனைப் பற்றியும் இஸ்திரி போடாத சட்டையைப் பற்றியும் சொன்னேன். யூசுப் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சும்மா உளறாதே, ரெண்டாம் பக்கம் முழுக்கத் தூக்கம்" என்று வெட்டினான். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் கத்திய கத்தலில் லயத்து வீடுகளின் நாய்களெல்லாம் கூடிவிட்டன. பிறகு மாமா கதவைத் திறந்தபோது, இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாடா சிக்கவில்லை. பொத்தான் மட்டும் மேலே எழும்பி நின்றது.

சில நாள் கழித்து அண்ணியைப் பார்த்தேன். "கனவுல வந்தாரா அண்ணி?" என்று கேட்டேன்.

"வந்தாரு."

"பசியோடவா?"

"இல்லைடா." அண்ணி முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "சம்பால்ல உப்பு தூக்கலாம். அதுக்குத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து வந்தாரு."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கேசட்டுகள் அல்ல; அவை அண்ணியிடம் இருக்கின்றன. போனில் அவர் குரல் இருக்கிறது, ஆனால் அதை நான் இன்னும் திறக்கவில்லை. நான் வைத்துக்கொண்டது ஒரு சச்சரவு. அன்று கதவுக்கு அப்பால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. 'கிரீச்' முதலில் வந்தது, அப்புறம்தான் 'டக்', ஆகவே அது கேசட்டில் இருக்கிற நாற்காலி என்பது யூசுப்பின் வாதம். 'டக்' முதலில் வந்தது, பாட்டு நின்ற பிறகுதான் நாற்காலி கிரீச்சிட்டது, ஆகவே அது பிரம்பு நாற்காலி என்பது என் வாதம். நான் என் காதால் கேட்டது அது. ஞாயிறுதோறும் பால் ஸ்டோரில் இதற்காக அடித்துக்கொள்கிறோம். தொட்டிகள் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்கின்றன.

போன ஞாயிறு யூசுப் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னக் குரலில், "நீ சொன்னதுதான் சரிடா. டக் தான் முதல்ல. எனக்கும் கேட்டுச்சு" என்றான்.

நான் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தப்பு" என்றேன். "நாற்காலிதான் முதல்ல. நிரூபி."