"வரேன்" என்று சொல்லக் கூடாத வீடு

எங்கள் கம்பத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியதில்லை. பக்கத்துக் கடைக்கு முட்டை வாங்கப் போனாலும் "வரேன்"தான். தவறி வாயில் வந்துவிட்டால் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஒழுங்காகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துக் கம்பம், அதாவது கிராமம், அது. அங்கிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியில் நான் நிற்கும் படம் கோயில் தலைவர் வீட்டில்கூட மாட்டியிருக்கிறது. வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிய அன்றும் நான் சொன்னது "வரேன்ம்மா"தான்.

சாந்தமேரி அக்காவின் வீட்டில் அது செல்லாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பிளாட் ஒன்றின் மூன்றாவது மாடியில் அவர் தனியாக வாழ்கிறார். சிறு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனவர். அந்த மாடியில் பார்வையற்றவர்களின் வீடுகள் இன்னும் சில உண்டு. எதிர்வீட்டு பக்கிரிசாமி அங்கிளும் அப்படித்தான். கீழே உள்ள மசாஜ் கடையில் இருவருக்கும் வேலை.

முதல் தடவை வேலையாக அங்கே போய்க் கிளம்பும்போது பழக்கத்தில் "வரேன்க்கா" என்றேன்.

"வா தம்பி. எங்க நிக்கிற, வெளியவா? உள்ள வா."

"இல்லக்கா, கிளம்பறேன்."

"அப்ப போறேன்னு சொல்லு. கண்ணு உள்ளவங்களுக்கு வரேன்னா என்னான்னு தெரியும், முதுகைப் பாத்துக்கலாம். எங்களுக்கு நீ வர்றியா போறியா? போன மாசம் ஒருத்தி வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் காலி நாற்காலிகிட்ட கால் மணி நேரம் எங்கப்பா கதைய சொல்லிட்டு இருந்தேன்."

வாசலில் நின்றிருந்த பக்கிரிசாமி அங்கிள் சிரித்தார். "நாற்காலியே எந்திரிச்சுப் போயிருக்கும் லா, அவ்ளோ அறுவை."

வேறு வழியில்லாமல் "போறேன்" என்றேன். நாக்கில் வேப்பெண்ணெய் பட்ட மாதிரி இருந்தது. அந்த மாடி முழுக்க அதுதான் வழக்கம்.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது எங்கள் மையம். உடற்பேறு குறைந்தவர்கள் சொந்தமாக வீடெடுத்துத் தங்கள் இஷ்டப்படி வாழ, கூட நிற்பது எங்கள் வேலை. வீடு தேடுவோம், வீட்டுக்காரரிடம் பேசுவோம், புது வழியில் நடந்து பழகக் கூடப் போவோம், தனியாக இருப்பவர்கள் காலையில் ஒருவருக்கொருவர் போன் போட்டு "இருக்கியா?" என்று கேட்டுக்கொள்ள ஏற்பாடு செய்வோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இது இல்லாமல் பலர் ஏதோவொரு அறையில் முடங்கியிருப்பார்கள்.

அக்காவும் அப்படி முடங்கியிருந்தவர்தான். கிள்ளானில் ரயில்வே குடும்பம். படித்து, ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தார். கம்பெனி மூடியது, அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அண்ணன் லியனார்ட் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. ஒருநாள் அக்காவின் அறையில் கொசு அடிக்க வந்த அண்ணன் மகள் சுவிட்சைத் தட்டிவிட்டு, "அத்தை, உங்க ரூம்ல பல்பே இல்ல" என்றாள். தேவையில்லை என்று கழற்றி வேறு அறைக்குப் போட்டிருந்தார்கள்.

"எனக்கு வெளிச்சம் வேணாம்தான் தம்பி," என்றார் அக்கா இதைச் சொன்னபோது. "ஆனா என் ரூமுக்கு யாரும் வர மாட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க பாரு."

அடுத்த மாதமே வீடு தேடினார். பார்வையற்ற பெண், அதுவும் தனியாள் என்றதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். "அடுப்பை எரிய விட்டுருவீங்க, ஆன்டி" என்று மரியாதையாகவே சொன்னார்கள். கடைசியில் இந்த வீடு, ஒப்பந்தத்தில் அண்ணன் பெயரைப் போட்டால்தான் கிடைக்கும் என்று ஆனது. லியனார்ட் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குள் இருப்பவர் அக்கா, பெயர் அண்ணனுடையது. பல வருடங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த வருட நடுவில் ஒருநாள் அக்கா என்னை உட்காரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வீட்டுல யாரோ இருக்காங்க."

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. அம்மா விட்டுப்போன இரும்பு அலமாரி, அதன் கதவில் நீளக் கண்ணாடி. நின்று சுழலும் காத்தாடி ஒன்று.

"இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை. இந்தக் காத்தாடி இருக்கே, இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போவும். ஒவ்வொரு சுத்துக்கும் என் மூஞ்சில காத்து படும். அன்னைக்கு ஒரு சுத்து காத்து வரல."

"காத்தாடி நின்னிருக்கும்க்கா."

"சத்தம் நிக்கலையே. காத்து மட்டும் வரல. நடுவுல ஏதோ நின்னுச்சு. யாருன்னு கேட்டேன். பதில் இல்ல. அடுத்த சுத்துல காத்து வந்துச்சு."

எதிர்வீட்டிலிருந்து வந்த பக்கிரிசாமி அங்கிள், "பேயா இருந்தா பாதி வாடகைய கேளு மேரி" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து லியனார்ட் கொம்யூட்டர் ரயிலில் வருவது வழக்கம். தங்கையோடு கோப்பி குடித்துவிட்டுப் போவார். அவருக்கு ஓயாத தலைவலி, நெற்றியில் எப்போதும் கோடாலித் தைலம். அவர் போன பிறகும் வீட்டில் அந்த வாடை தங்கும். அந்த வாடையோடு அக்கா தனியாக இருக்கும்போதுதான் "அது" வந்தது.

"அண்ணன் போனதும் தாப்பாள் போட்டுக்கங்க" என்றேன்.

போட்டார். அதன்பிறகுதான் நிலைமை மோசமானது. ஞாயிறு மதியம் தாழ்ப்பாள் போடுவார். கோப்பைகளைக் கழுவி, மற்ற வேலைகளும் முடித்துத் திரும்பிப் போய்த் தொட்டால் தாழ்ப்பாள் திறந்திருக்கும். ஒருமுறை அல்ல. "என் கைக்கு ஞாபகம் இருக்கு தம்பி, போட்டேன்" என்பார். பிறகு அவரே, "போட்டேன்தானே?" என்பார். மசாஜ் கடைக்குக் கிளம்பிப் பாதிப் படியில் நின்று, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஏறத் தொடங்கினார். தன் கைகளை நம்பியே வாழ்ந்தவர் அவற்றைச் சந்தேகப்பட்டார்.

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமாக்கா?"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. "சொல்லிராத. அண்ணன் ஏற்கெனவே கிள்ளான்ல என்னைச் சேக்க ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கு. வருஷக் கடைசியில ஒப்பந்தம் முடியுது, இன்னொரு தடவ கையெழுத்து போடறதுக்கு யோசிக்குது. இது தெரிஞ்சா முடிஞ்சது. இந்த வீடு போச்சுன்னா எனக்கு ஹோம்தான்."

சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள். அக்கா சொல்லாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்.

மழை நாள் ஒன்றில் லியனார்ட் எங்கள் மையத்துக்கே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். உட்கார்ந்ததும் தைல வாடை அறையை நிறைத்தது.

"தம்பி, நீங்க படிச்சவரு. நீங்க எடுத்துச் சொன்னா மேரி கேப்பா. அவளால தனியா முடியல. இதைப் பாருங்க."

போனில் சின்னச் சின்ன வீடியோக்கள். அக்கா சுடுதண்ணீர் ஊற்றி விரலைச் சுட்டுக்கொள்கிறார். தரையில் விழுந்த சீப்பைத் தேடித் தவழ்கிறார். சுவரோரமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே போகிறார். ஒன்றில் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, நேராக நம்மைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பி, "யாரு?" என்கிறார்.

"பாத்தீங்களா? தனக்குத்தானே பேசறா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. அவர் நடுவிலிருந்து ஓட்டிக் காட்டிய முதல் வீடியோவை நான் ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். படம் ஆடுகிறது. லியனார்டின் குரல்: "வரேன் மேரி." கதவு திறக்கிறது, பலமாகச் சாத்திக்கொள்கிறது. படம் நிற்கவில்லை. கதவு உள்பக்கமாகவே தெரிகிறது. அக்கா வந்து, கேமராவுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். படம் மெல்ல, சத்தமே இல்லாமல், அவர் பின்னால் போகிறது. அலமாரிக் கண்ணாடியைக் கடக்கும்போது ஒரு கணம் அதில் லியனார்ட் தெரிகிறார். வெறுங்கால். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அவருடைய சிலிப்பர்.

வெளியே விட்டிருந்தால் தங்கை தடவிப் பார்த்துவிடுவாள் என்று யோசித்திருக்கிறார்.

"அங்கிள், அவங்களுக்குத் தெரியாம உள்ளயே நின்னீங்களா?"

"என் தங்கச்சிய பாக்கறதுக்கு நான் யாருகிட்ட கேக்கணும்?" அப்போதும் குரல் உயரவில்லை. "சாகும்போது அம்மா என் கையப் பிடிச்சு, அவ மேல ஒரு கண்ணு வச்சுக்கடான்னு சொன்னாங்க. வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். பக்கிரிசாமி அங்கிளையும் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா முதலில் சிரித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நான் தாப்பாள் போட்டேன்! பக்கிரிசாமி மாமா, கேட்டீங்களா, நான் போட்டேன்!" என்றார்.

"போட்ட மேரி. பூதத்தை உள்ள வச்சுப் போட்டிருக்க."

சிரிப்பு அடங்கியது. காத்தாடி சுழன்றுகொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை அண்ணன் போனப்புறம்தான் நான் குளிப்பேன்" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறு அக்கா வழக்கம்போல் அண்ணனுக்குக் கோப்பி கலந்தார். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே முடிவெடுத்தது. எதிர்வீட்டு வாசலில் பக்கிரிசாமி அங்கிளோடு நான் நின்றேன். "வரேன் மேரி" கேட்டது. கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. யாரும் வெளியே வரவில்லை.

"வந்துட்டானா?" அங்கிள் கிசுகிசுத்தார்.

"இல்ல."

தாழ்ப்பாள் போடும் சத்தம் வரவில்லை. உள்ளே அக்காவின் குரல், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல்: "அண்ணே, இந்த வீட்டுல வரேன்னு சொல்லக் கூடாது. போறேன்னு சொல்லணும்."

பதில் இல்லை.

"சொல்லிட்டுப் போ. சொன்னாத்தான் நான் இந்த இடத்த விட்டுத் திரும்புவேன்."

மோனோரயில் ஒன்று கடந்து போனது. நான் கைப்பிடியைத் தொட்டபோது கதவு தானாகத் திறந்தது. லியனார்ட் வந்தார், கையில் சிலிப்பர். என்னைப் பார்த்தார். குனிந்து சிலிப்பரைத் தரையில் வைத்து, நிதானமாகக் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிவரை "போறேன்" என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் பூட்டை மாற்றினோம். மையத்திலிருந்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினோம், பக்கிரிசாமி அங்கிளும் கூட வந்து, "நான் இத்தனை வருஷமா எதிர்வீட்டுல இருக்கேன் பாஸ், எங்கயாவது தீப்பிடிச்சுதா?" என்று கேட்டார். இப்போது ஒப்பந்தத்தில் இருப்பது சாந்தமேரி என்ற பெயர். பொறுப்பாளர் இடத்தில் மையத்தின் பெயர். வீடு போகவில்லை. ஹோம் இல்லை. லியனார்ட் போன் செய்தால் அக்கா எடுக்கிறார். வரட்டுமா என்று மட்டும் அவர் இதுவரை கேட்கவில்லை.

ஆனால் இப்போதெல்லாம் அங்கே "போறேன்" என்பதும் போதவில்லை. நான் சொன்னதும் அக்கா எழுந்து கூடவே வருவார். "வெளிய நின்னு பேசு தம்பி." கதவு சாத்திய பிறகு, வெளிப்பக்கமிருந்து நான் "வெளிய இருக்கேன்க்கா" என்பேன். பிறகுதான் தாழ்ப்பாள் விழும். பட்டம் வாங்கிய என்னையும்தான் அப்படிச் சோதிக்கிறார். கோபமில்லை எனக்கு.

போன வாரமும் அப்படித்தான். படியில் கால் வைக்குமுன் காது கொடுத்தேன். உள்ளே, யாராவது நிற்கிறார்களா என்று அக்காவின் உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அலமாரி, கதவுக்குப் பின்னால், திரைச்சீலை. பிறகு எதிர்வீட்டிலும் தாழ்ப்பாள் விழுந்தது. கேலி பேசும் பக்கிரிசாமி அங்கிளின் வீடு. அங்கேயும் ஒரு கை சுவரைத் தடவத் தொடங்கியது.