பாதி வலியை அவளுக்குக் கொடும்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வலி தீரவில்லை. இதை எழுதும்போதும் இடது பக்கம் எரிகிறது. ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்டது நல்ல ஜெபம் அல்ல. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஒருமுறை சபையில் பொய்ச் சாட்சி சொன்னவள் நான்.

1997 மழைக்காலம். புனேயில் கசார்வாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தேன். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தேன். கை கால் வந்தது, பேச்சு வந்தது, கூடவே இந்த வலியும் வந்தது. உடம்பில் இடது பாதி முழுவதும் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் எரியும். சேலை உரசினால் எரியும், ஃபேன் காற்று பட்டால் எரியும். மூளையில் அடிபட்ட இடம் அப்படி, வலி இருக்கத்தான் செய்யும், வலிப்பு வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கா" என்பார்கள். செத்துவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தை நடத்துகிறவர் எஸ்தர் அக்கா. ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், பெரிய குரல். தலையில் கை வைத்து அழுத்தித்தான் ஜெபிப்பார், குலுக்குவார். தையல் போட்ட இடம் அது. நான் அலறுவேன். "பாருங்க, பிசாசு கத்துது" என்று இன்னும் நாலு பேரைக் கை வைக்கச் சொல்வார்.

மறு வருஷம் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன் என்னை ஓரமாக அழைத்தார்.

"சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லு. வாயால அறிக்கை பண்ணாத்தான் சுகம் இறங்கும்."

"இன்னும் எரியுதேக்கா."

"உன் அவிசுவாசந்தான் எரியுது."

எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்து விழுந்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த மராட்டிப் பெண்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்பல் இரண்டு போயிற்று. அக்கா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கிடைத்த சுகத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று சபையில் சொன்னாராம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, என் வலியில் பாதியை அவளுக்குக் கொடும். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். எட்டு வருஷம் ஒரு நாள் விடாமல் கேட்டேன். பிள்ளைகளுக்காக ஜெபிக்க மறந்த நாளிலும் இதை மறக்கவில்லை.

2006-இல் அக்காவுக்கு முகத்தில் அக்கி வந்தது. புண் ஆறின பிறகும் வலி நிற்கவில்லை. பாதி முகம் எரிகிறதாம், ஈ உட்கார்ந்தால்கூடத் துடிக்கிறாராம். கேட்டதும் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்துப் பார்க்கப் போனேன்.

அறை நிறைய ஆட்கள், எல்லாரும் அவர் பழக்கிவிட்டவர்கள். ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கை வைத்து ஜெபிக்க அவரை நெருங்கினார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்று அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டார். "பிசாசுதான் பேசுது" என்றார் ஒருவர். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் பிரிக்காமலே மேசையில் கிடந்தன.

நான் பார்க்க வந்தது இதைத்தான். ஆசை தீரப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் கைகள் இறங்கினால் எப்படியிருக்கும் என்று அங்கே அவரை விட்டால் எனக்குத்தான் தெரியும். என் தலை கூசியது. "யாரும் தொடாதீங்க! ஃபேனை நிறுத்துங்க!" என்று கத்தினேன். எல்லாரையும் வெளியே அனுப்பினேன். மாத்திரையைப் பிரித்து நீட்டினேன்.

"விசுவாசம்..." என்று ஆரம்பித்தார்.

"முழுங்குங்கக்கா. எம்பல்லு போன இடத்தைப் பாத்துக்கிட்டே முழுங்குங்க."

முழுங்கினார். அழுதார். நான் அழவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த ஜெபத்தை அதற்குப் பிறகு நான் செய்யவில்லை. அக்காவின் வலியைக் கொடுத்தது கர்த்தரா, எனக்குத் தெரியாது. அந்த அறைக்கு என்னைக் கொண்டுபோனவர் அவர்தான். பழி தீர்க்கப் போனவளின் கையால் மருந்து கொடுக்க வைத்தாரே, அதற்கு அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். வலியோடு இருக்கிறவர்களே, மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜெபியுங்கள். மனதில் வஞ்சம் இருந்தால் அதையும் அவரிடமே கொட்டுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார், நம்புங்கள்.

இரண்டு மாதம் கழித்து வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போனேன். அக்கா என் முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"தொடட்டுமா?"

அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "வேண்டாம்" என்றேன். சொல்ல இனிப்பாகத்தான் இருந்தது. அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவான குரலில் எனக்காக ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன்.