மூன்றாவது கொக்கி

நம்புகிறவன் நம்பட்டும். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன சித்திரையில், செஞ்சியில், என் வீட்டிலேயே நடந்தது. பட்டப்பகலில்.

என் மகள் பூங்குழலி நூற்றிருபது கிலோ இருந்தவள். பாதியாய் இளைத்தாள். சதை போச்சு, தோல் போகவில்லை. வயிற்றுத் தோல் தொடைமேல் தொங்கி, உரசி உரசிப் புண். புதுச்சேரியில் ஒரு டாக்டர் வெட்டியெடுத்துத் தைத்தார். இடுப்பைச் சுற்றி அரைஞாண் மாதிரி தையல். இரண்டு தொடையிலும் உள்பக்கம் முட்டிவரை தையல். உள்ளே நீர் கோத்தால் பிரிந்துவிடுமாம். அதனால் மார்புக்குக் கீழிருந்து முட்டிவரை இறுக்கமாய் ஓர் உடுப்பு, கொக்கி வைத்தது, ராப்பகலாய்ப் போடணும். துவைத்து மாற்ற இரண்டு வாங்கச் சொன்னார்கள். பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று ஒன்றோடு வந்துவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

ஒன்று போதவில்லை. பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில் கேட்டேன். இல்லை என்றான். பக்கத்தில் கனத்த பொம்பளை ஒருத்தி பையை நீட்டினாள்.

"எனக்கும் இதே ஆப்பரேசன்தான். எடுத்துக்கினு போ."

"இன்னா குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்யா. போட்டுப் போட்டு மூச்சு முட்டிப்போச்சு."

ஊர் அவலூர்பேட்டை, பேர் மீனம்பாள் என்றாள். சும்மா கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. சும்மா வந்ததை விடவும் இல்லை.

பைக்குள் செம்மண் கிடந்தது. மூன்றாவது கொக்கியைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். அலசிக் காயப்போட்டேன்.

மறுநாள் பகல் 2.10. பக்கத்து வீட்டுக் கவிதா வந்து மகளுக்கு மாட்டிவிட்டுப் போனாள்.

2.25. "நைனா... இறுக்குது."

"இறுக்கத்தான் போடறது. பேசாம படு."

2.40. கரண்டு போச்சு. ஃபேன் நின்றது.

"நைனா... பின்னாடி யாரோ படுத்துக்கினு கட்டிப் பிடிக்கறாங்க..."

பின்னால் சுவர்தான்.

ஓடினேன். அவள் உதடு நீலம். கொக்கி கழலவில்லை. மகள் மூச்சுக்குத் திணறுகிறாள். துணி மட்டும் மெதுவாக... ஏறி... இறங்கியது. அவள் மூச்சு அல்ல அது.

டக்.

இடுப்பில் ஒரு தையல் விட்டது.

"செத்துடுவேன் நைனா..."

துணிக்குள் கத்தரிக்கோலை நுழைத்தேன். உள்ளே...

என் விரலை எதுவோ பிடித்தது. ஜில்லென்று.

"விட்டுடு தாயே! எனக்கு இவ ஒருத்திதான்!"

2.52. கரண்டு வந்தது.

துணி தளர்ந்தது.

மகள் பிழைத்தாள். மூன்றாம் நாள் அவலூர்பேட்டை போனேன், மீனம்பாளைத் திட்டத்தான். அவள் மகன் பிரசாந்த் வாசலுக்கு வந்தான்.

"அம்மா செத்து ரெண்டு வருசம் ஆவுது."

உடுப்பைப் பற்றிச் சொன்னேன்.

"மூணாவது கொக்கியில செவப்பு நூலா? நான்தான் தெச்சுக் குடுத்தேன்."

"அப்ப உங்க வூட்லேந்துதான் யாரோ எடுத்தாந்துருக்காங்க."

"இல்லீங்க. ஒடம்பு வெறைச்சுப்போய் கழட்ட முடியல. அதோடவேதான் பொதச்சோம்."